இருபது இலக்க எண்ணும் 641-உம்

குவாத்ர் போர்ன், மொரீசியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு மனம் நிம்மதியடைந்தது. இங்கே கோர் தெ கார்ட் மலைக்கோயிலில் தைப்பூசக் காவடி சிறப்பாக நடந்தது. அதன் பிறகு புயல். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம், மின்சாரமும் போயிற்று. பேத்தி சதுரங்கப் பலகையோடு வந்து உட்கார்ந்தாள். கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டிக்கும் பழைய கதையைச் சொன்னேன். மொத்தம் 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615. "இதைக் கையாலேயே காரணிப்படுத்த முடியுமா தாத்தா?" என்றாள்.

முடியும். பள்ளியில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசச் சூத்திரமே போதும். எண் (2³² − 1)(2³² + 1) என்று பிளக்கிறது. முதல் பாதி மறுபடி அப்படியே பிளக்கிறது. கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் நிற்கின்றன. முதல் ஐந்தும் பகா எண்கள். அவற்றின் பெருக்கல் 4294967295. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள்!

ஆறாவதுதான் வம்பு. 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் கணித மேதை பெர்மா நம்பினார். ஐந்து சாட்சிகள் ஒரே குரலில் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், ஆறாவதான 2³² + 1, அதாவது 4294967297 = 641 × 6700417 என்று காட்டிவிட்டார்.

வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவலாம் என்பதுதான் எனக்குப் பேரானந்தம். 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம் (641-க்கு ஒன்றுதானே குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ என்று எழுதலாம். அப்படியானால் −2³²-க்கு மீதி 1; ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவுதான்! பேத்தி பென்சிலை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றாள். கணினி ஒரு நொடியில் விடையைக் கொடுத்துவிடும். ஆனால் 641 ஏன் வகுக்கிறது என்பது இந்த நான்கு வரியில்தான் இருக்கிறது.

அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று நிறுவியவரும் இல்லை. நீ பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் சதுரங்கக் கதையோடு நிறுத்தாமல் இந்த 641 வரைக்கும் கூட்டிப்போ. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்