ஸ்டாக் என்ஜின் பிரிவை எடுத்துவிடாதீர்கள்

எங்கள் பக்கத்தில் கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டிகளுக்கான அமெச்சூர் பந்தயங்களை நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த சீசனிலிருந்து ஸ்டாக் என்ஜினுக்கு, அதாவது கம்பெனியில் வந்தபடியே மாற்றாமல் ஓட்டும் என்ஜினுக்கு, தனிப் பிரிவு கிடையாது, வேக என்ஜின்கள் ஓடும் ஓப்பன் பிரிவோடு சேர்த்தாயிற்று என்ற அறிவிப்பைப் பார்த்தேன். தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள்.

போன மாதம் சோதனைக்கென்று இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டீர்களே, அதில் என் அக்கா மகனும் ஓட்டினான். ஓமலூர் ரோட்டில் என் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும் களையெடுக்கும் மெஷினில் இருக்கிற அதே ஹோண்டா ஜிஎக்ஸ்160தான் அவன் கார்ட்டிலும். 163 சிசி, 5 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. பின்னால் வந்தவை 125 சிசி டூ-ஸ்ட்ரோக், 30 குதிரைத்திறனை எட்டும் ரகம். ஆரம்பச் சுற்றுகளிலேயே நீலக் கொடி: வேகமான வண்டி பின்னால் வருகிறது, வழிவிடு என்று. ஒதுங்கினான். அடுத்த வளைவில் மறுபடி கொடி, மறுபடி ஒதுங்கினான். பிரேக்கை எங்கே பிடிப்பது, வளைவில் எப்போது திருப்புவது என்று பழக வேண்டியவன், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தே பந்தயத்தை முடித்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, “மாமா, நான் யார்கூட ரேஸ் ஓட்டினேன்?” என்றான்.

ஸ்டாக் பிரிவில் வேகம் கூட்ட என்ஜினை உள்ளே ரகசியமாகத் தேய்க்கிறார்கள், பிரித்துப் பார்க்க ஆளில்லை என்கிறீர்கள். சரி. போட்டியன்று காலையில் சீட்டுக் குலுக்கி என்ஜின்களை மாற்றிக் கொடுங்கள். அடியில் 4 போல்ட், ஒரு செயின், ஒரு த்ராட்டில் கேபிள். பழகிய கைக்கு இது ஒரு வேலையா? என்ஜின் ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் கம்பி கோத்து ஈயச் சீல் வையுங்கள், எவனாவது திறந்தால் தெரிந்துவிடும். அடுத்தவன் கைக்குப் போகப்போகிற என்ஜினுக்கு எவன் காசு செலவழிப்பான்?

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி பந்தயத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவரதன், ரோட்டில் ஓடும் மாருதி 800 காரின் என்ஜினை வைத்துத்தானே ஃபார்முலா மாருதி பந்தய கார்களைக் கட்டினார்? ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். நீங்களோ மேடையில் “சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் வர வேண்டும்” என்கிறீர்கள். வரட்டும், வரும்போது லட்சங்களையும் கையோடு எடுத்து வரட்டும்! ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கைச் சாய்த்துக் காட்டும் பையன்களைப் பார்த்து, “ரோட்டில் வேண்டாம், ட்ராக்குக்குப் போங்கடா” என்று ஊரே சொல்கிறது. போனால் எந்தப் பிரிவில் ஓட்டுவான்? டெம்போ வாடகை, டோல், டயர் எல்லாம் போக அவன் அப்பா கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா?

எழுத எழுதக் கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: ஸ்டாக் என்ஜினுக்குத் தனிப் பிரிவும் தனி ஸ்டார்ட்டும் இருக்கட்டும். பதிவு தொடங்கும் முன் முடிவைச் சொல்லிவிட்டால் நல்லது. சீல் வைக்கும் கம்பியும் ஈயமும் என் செலவு. காலையில் என்ஜின் மாற்ற நானும் பட்டறைப் பையன்களும் வருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்