கடற்படை ஐயாமாருக்கு அரக்கோணத்துல இருந்து ஒரு மடல்

போர்க்கப்பல்ல ஹெலிகாப்டரோட சேத்து ட்ரோனும் வைக்கலாமா வேணாமான்னு டெல்லியில உக்காந்து முடிவு பண்ற ஐயாமாருக்கு வணக்கம். நான் நிபுணர்லாம் கிடையாது. ஐஎன்எஸ் ராஜாளிங்கிற கடற்படை விமானத் தளத்துக்கு பக்கத்துல வீடு, 1992-ல அந்த பேஸ் வந்ததுல இருந்து ஹெலிகாப்டர் சத்தத்துலதான் எங்க பொழுது விடியுது, மாடியில வடகம் காயப்போட்டா துணி மேல நாலு கல்லு வைக்கணும் அவ்ளோதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா வைங்க. ஆனா ஹெலிகாப்டரை எடுத்துட்டு அந்த இடத்துல வைக்காதீங்க.

ஏன்னா 2024 மார்ச்சை எடுத்துக்கங்க, ஐஎன்எஸ் கொல்கத்தாங்கிற ஒரே போர்க்கப்பல், பத்து நாளுக்குள்ள ஹெலிகாப்டர் எதுக்கு, ட்ரோன் எதுக்குன்னு ரெண்டையும் காட்டிடுச்சு. மார்ச் 6-ம் தேதி ஏடன் வளைகுடா பக்கம் ட்ரூ கான்ஃபிடன்ஸ்ங்கிற சரக்குக் கப்பல் மேல ஏவுகணை விழுந்து, லைஃப் ராஃப்ட்ல கிடந்த 21 பேரை கொல்கத்தாவோட ஹெலிகாப்டரும் படகும் போய்தான் மீட்டுச்சு (அதே நாள்தான் கொச்சியில நீங்க சீஹாக்ங்கிற புது ஹெலிகாப்டர் படைப்பிரிவுக்கு தொடக்க விழா எடுத்தீங்க). அடிபட்டு கிடக்கிறவனை ட்ரோன் வந்து தூக்குமா? அடுத்த வாரமே சோமாலியா கொள்ளைக்காரனுங்க கடத்தி வச்சிருந்த ரூவன் கப்பலை வளைச்சப்போ, உள்ள துப்பாக்கியோட ஆளு இருக்கானான்னு பாக்க கொல்கத்தால இருந்து ட்ரோனை விட்டாங்க, அவனுங்க அதை சுட்டு தள்ளிட்டானுங்க. போனா போகுது, மெஷின்தானே. அதுக்குள்ள மூணு பேர் உக்காந்திருந்தா? கடைசியில கொள்ளைக்காரனுங்க 35 பேரும் சரண்டர், கப்பல் ஆளுங்க 17 பேரும் உயிரோட வந்தாங்க.

எதிர்வீட்டு அண்ணன் கப்பல் டெக்குல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஹெலிகாப்டர் இறங்கினதும் குனிஞ்சு ஓடிப்போய் சங்கிலி போட்டு டெக்கோட கட்டணும், உப்பு அரிச்சிடும்னு நல்ல தண்ணி விட்டு கழுவணும், இறக்கையை மடிச்சு ஹேங்கருக்குள்ள (கப்பல்ல ஹெலிகாப்டர் நிறுத்தற கொட்டகை) தள்ளணும், இத்தனையும் ஜூலை மாசத்து அரபிக்கடல்ல கப்பல் தூளி மாதிரி ஆடறப்போ. "ட்ரோன் வந்தா அதையும் அதே பசங்கதான் கழுவுவாங்க, கூடுதலா ஆளு மட்டும் போட மாட்டாங்க பாரு"ன்னு சிரிக்கிறார்.

ட்ரோன் ஏதோ நேத்து வந்த சமாச்சாரமும் இல்ல. அமெரிக்காக்காரன் 1960-கள்லயே டாஷ்னு ஒரு ஆளில்லா குட்டி ஹெலிகாப்டர்ல டார்பிடோ (தண்ணிக்கடியில பாயற குண்டு) மாட்டி, நீர்மூழ்கியை அடிக்கிறேன்னு கப்பல்ல ஏத்தி, அதுல பாதிக்கு மேல தொலைச்சுட்டு நின்னான். எங்க ராஜாளியில இருந்து பறந்த சீகார்டியன்ங்கிற குத்தகை ட்ரோன் கூட ஒண்ணு 2024 செப்டம்பர்ல கடல்ல இறங்கிடுச்சு. அது தரையில இருந்து போற பெரிய சைஸ், இருந்தாலும் சொல்றேன்.

அதனால மணிக்கணக்கா வட்டமடிச்சு வேவு பாக்கறதை ட்ரோன் கிட்ட விடுங்க. கேபிள்ல சோனாரை (சத்தத்தை வச்சு தண்ணிக்கடியில தேடற கருவி) இறக்கி நீர்மூழ்கி தேடறதும், ஆளை தூக்கறதும் ஹெலிகாப்டர் கிட்டயே இருக்கட்டும். 2018-ல கடற்படைக்கு 111 யுடிலிட்டி (பல வேலைக்கும் ஆகற) ஹெலிகாப்டர் வாங்க ஓகே ஆச்சு, ஆனா 60-கள்ல வந்த சேட்டக் ஹெலிகாப்டரைத்தான் இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க. ட்ரோன்தான் வாங்கியாச்சேன்னு அந்த ஃபைலை அடியில தள்ளிடாதீங்க. அப்புறம் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டெக் பசங்களை ஒரு தடவை கூப்பிட்டு, ஹேங்கர்ல ரெண்டுக்கும் இடம் இருக்கான்னு கேட்டுடுங்க ஐயா.