சென்ட்ரலில் இறங்கி தாம்பரம் வண்டியைத் தேடுபவர்களுக்காக ஒரு மடல்

சென்னை சென்ட்ரலைச் சுற்றி ரயில், மெட்ரோ, பேருந்து நடத்தும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு காலையில், சென்ட்ரலில் புறநகர் வண்டிகள் வந்து நிற்கிற மூர் மார்க்கெட் வளாகத்து வாசலில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்தேன். அரக்கோணம் வண்டியில் வந்தவர்கள். அம்மா கையில் மஞ்சப்பை, ஐயா கையில் எக்ஸ்ரே கவர், தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாம்பரம் வண்டி நிற்கிற 'பார்க் ஸ்டேஷன்' பெயரை மகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வழியில் யாரோ கை காட்ட, பார்க் டவுனுக்குப் போய், அது வேளச்சேரி போகிற பறக்கும் ரயில் என்று தெரிந்து திரும்பி வந்து நிற்கிறார்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன். சப்வே படியில் பாதியில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "திரும்பி வரும்போதும் இப்படித்தானா தம்பி?" என்றார்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று புரிகிறது. தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் வண்டிகளுக்கான கட்டடம் வந்தது, பறக்கும் ரயில் 1995-ல், மெட்ரோ 2018-ல். ஒவ்வொன்றும் வந்த காலத்தில் தனக்கென்று ஒரு வாசலும் ஒரு பெயரும் வைத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல், இந்தப் பக்கம் பார்க், பார்க் டவுன், நடுவில் பூமிக்கடியில் மெட்ரோ. தினம் போகிற எனக்குக் கால் தானாக நடக்கும். ஜி.ஹெச்சுக்கு, அதாவது பக்கத்தில் இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்கு, முதல்முறை வருகிறவர்களுக்கு?

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர். உண்மையிலேயே நல்ல வேலை, நானும் அதில்தான் டிக்கெட் எடுக்கிறேன். டிக்கெட்டைச் சேர்த்து வைத்த நீங்கள் நடக்கிற வழியையும் சேர்த்து வையுங்கள், நான் கேட்பது அவ்வளவுதான்.

யாரும் "பார்க் எங்கே" என்று கேட்பதில்லை, "தாம்பரம் வண்டி எங்கே" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் பலகையிலும் வண்டி போகிற ஊரையே பெரிய எழுத்தில் போடுங்கள்: தாம்பரம், செங்கல்பட்டு இந்தப் பக்கம், வேளச்சேரி அந்தப் பக்கம். சூளூர்பேட்டை வண்டியில் வருகிறவர்களுக்காகத் தெலுங்கிலும் இருக்கட்டும். மூர் மார்க்கெட் நடைமேடை முடிகிற இடத்தில் தொடங்கி பார்க் டிக்கெட் கவுன்டர் வரைக்கும் தரையில் விடாமல் ஒரே நிறத்தில் கோடு போடுங்கள், உங்களில் யார் எல்லை எங்கே முடிந்தாலும் அந்தக் கோடு நடுவில் நிற்கக் கூடாது. படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் எந்த வாசலில் என்பதைப் படிக்குக் கீழே நின்றபிறகு சொல்லாமல், வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லுங்கள். அப்புறம், வழியில் உட்கார நாலு பெஞ்சு.

பலகை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் முன்னால் ஜி.ஹெச். வாசல் ஆட்டோக்காரர்களையும் சப்வே வாயில் பூ விற்கிற அம்மாக்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஜனங்கள் எந்த இடத்தில் தவறாகத் திரும்புகிறார்கள் என்று நாள் முழுக்க வழி சொல்லிக்கொண்டிருக்கும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தினமும் இங்கே வண்டி மாறும் ஒரு பயணி