அது என்ன தின்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். டார்க் ஃபேண்டஸி (இருள் கலந்த மாயக்கதை) சிறப்பிதழைக் கையில் எடுத்த அன்றே படித்து முடித்துவிட்டேன். இந்த வகை எழுத்தைச் சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்காமல் ஓர் இதழ் முழுவதையும் கொடுத்ததற்கு நன்றி. ஓவியங்களும் அருமை. என் பேச்செல்லாம் முன்கட்டுரையைப் பற்றித்தான்.

மனிதரோடு பிணைந்து வாழும் அமானுஷ்ய உயிர்களைப் பற்றிய அந்தக் கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையை என்னால் ஏற்க முடியவில்லை. நாயகனைப் பின்தொடரும் ஓநாயும் தோளில் அமரும் காகமும் காலடியில் கிடக்கும் நிழலும் அவனுடைய தனிமை எடுத்த வடிவங்களே, அவற்றை அப்படி வாசிப்பதே சரி என்கிறார் கட்டுரையாளர். அப்படிப் பார்த்தால் அந்த ஓநாய்க்கென்று சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது. பசி இல்லை, கணக்கு இல்லை, போக வேண்டிய இடம் இல்லை. தனக்கென்று எதுவுமே வேண்டாத ஒன்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

இப்படிப்பட்ட கதை எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இது என்ன தின்கிறது, யார் கொடுக்கிறார்கள்? பழைய நம்பிக்கைகளில் பிணைப்பு என்பதே இதைச் சுற்றித்தான் நடக்கிறது. மனம் மனத்தோடு பேசுவதெல்லாம் பின்னால் வந்தது.

1566இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு நகரில் நடந்த சூனிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் ஃபிரான்சிஸ் என்ற பெண் ஒரு பூனையைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தார். அவருக்குப் 12 வயதாக இருந்தபோது பாட்டி கொடுத்த பூனை. பெயர் சாத்தான். கூடையில் வைத்துக்கொள்ள வேண்டும், ரொட்டியும் பாலும் கொடுக்க வேண்டும். ஏவிய வேலையை முடித்து வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு ரத்தம். குத்தி ரத்தம் எடுத்த இடங்களில் விழுந்த சிவப்புத் தழும்புகள் மறையவே இல்லையாம். 15, 16 வருடம் வைத்திருந்துவிட்டு, ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு பூனையைப் பக்கத்து வீட்டு ஆக்னஸ் வாட்டர்ஹவுஸிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் என் மனதைவிட்டுப் போகாதது. ஆக்னஸ் அந்தப் பூனையை ஒரு பானைக்குள் கம்பளியை மெத்தைபோல் போட்டு வைத்திருந்தார். கையில் காசில்லாமல் போய் அந்தக் கம்பளியே தேவைப்பட்டபோது, பூனையைத் தேரையாக மாறச் சொன்னார். தேரைக்குக் கம்பளி வேண்டாமே! அது மாறியது, அதே பானையில், கம்பளி இல்லாமல், தொடர்ந்து இருந்தது. ஏவினால் உயிரைக்கூட எடுக்கும் என்று நம்பப்பட்ட ஒன்றைக் கையில் வைத்திருந்த பெண், அதன் படுக்கையை எடுத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். கட்டுரையாளர் பேசும் தனிமையைவிட இந்த வறுமை எனக்கு இருட்டாகத் தெரிகிறது.

இவையெல்லாம் விசாரணையில் கறந்த வாக்குமூலங்கள்தான். ஆனாலும் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் பிணைப்பு என்றால் என்னவென்று ஒரே மாதிரி தெரிந்திருந்தது. சட்டத்துக்கும் தெரிந்திருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் 1604இல் வந்த சட்டம், தீய ஆவியை வேலைக்கு வைப்பதோடு அதற்கு உணவு தருவதையும் கூலி தருவதையும் சேர்த்தே மரண தண்டனைக் குற்றமாக்கியது. ஆவி யாரையாவது கொன்றதா என்பது வேறு வழக்கு. சோறு போட்டாலே போதும், தூக்கு. அதற்குச் சாட்சியாகத்தான் குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் உடம்பில் அந்த உயிர் பால் குடிக்கும் காம்பு எங்கே என்று தேடிப் பார்த்தார்கள். ஒரு மருவோ மச்சமோ இருந்தால் கதை முடிந்தது.

1645இல் மாத்யூ ஹாப்கின்ஸ் என்ற சூனிய வேட்டைக்காரர், எலிசபெத் கிளார்க் என்ற ஒற்றைக்கால் மூதாட்டியைப் பல இரவுகள் தூங்கவிடாமல் உட்கார வைத்தார். கடைசியில் அந்த மூதாட்டியின் ‘பிள்ளைகள்’, அதாவது அவர் வளர்த்ததாகச் சொல்லப்பட்ட ஏவல் உயிர்கள், ஒவ்வொன்றாக அறைக்குள் வந்ததாக ஹாப்கின்ஸ் எழுதி வைத்திருக்கிறார். கால்களே இல்லாத ஒரு கொழுத்த நாய். வினிகர் டாம் என்ற பெயரில், எருதுத் தலையோடு ஒரு நெட்டை வேட்டைநாய்; அது கண் முன்னாலேயே தலையில்லாத நாலு வயதுக் குழந்தையாக மாறியதாம். கிளார்க்கையும் தூக்கிலிட்டார்கள். அந்த அறையில் தூங்காமல் காவல் இருந்தவர்களும் இதையெல்லாம் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். யாராவது இதை வைத்து ஒரு கதை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஐஸ்லாந்து நாட்டார் கதைகளில் வரும் தில்பெரி என்ற ஏவல் உயிர் இன்னும் ஒரு படி மேலே. ஒரு பெண், புதிதாகப் புதைத்த பிணத்தின் விலா எலும்பு ஒன்றைத் தோண்டி எடுத்து, கம்பளி சுற்றி மார்புக்கிடையில் ஒளித்துவைப்பாள். தேவாலயத்தில் கொடுக்கும் திராட்சை மதுவை விழுங்காமல் வாயில் வைத்திருந்து அதன்மேல் துப்புவாள். மூன்று முறை இப்படிச் செய்தால் எலும்புக்கு உயிர் வந்துவிடும். பிறகு தன் உள்தொடையைக் கீறி அதைக் குடிக்க விடுவாள்; அந்த இடத்தில் ஒரு காம்பு உருவாகும். தில்பெரி ஊராரின் ஆடு மாடுகளிடம் பாலைத் திருடிக் குடித்து, திரும்பி வந்து அவளுடைய பாத்திரத்தில் கக்கும். அந்தப் பாலில் அவள் வெண்ணெய் எடுப்பாள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவளுக்குக் குழந்தை பிறந்து மார்பில் பால் சுரந்தால், தில்பெரி அதைக் குடிக்க வந்துவிடும், அவள் சாகும்வரை விடாது.

சரி, அதை ஒழிப்பது எப்படி? மலைக்கு அனுப்பி, மூன்று மேய்ச்சல் நிலங்களில் கிடக்கும் ஆட்டுப் புழுக்கை முழுவதையும் பொறுக்கி வரச் சொல்ல வேண்டும். எசமானியிடம் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற அவசரத்திலேயே அது உழைத்து உழைத்துச் செத்துவிடும். வேலை கொடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் ஆளையே விழுங்கிவிடுவேன் என்று மிரட்டிய பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தச் சொன்ன நம் கதையோடு இதை வைத்துப் பாருங்கள். நாம் சிரித்துக்கொண்டே கேட்ட கதை. இப்போது யோசித்தால், இரண்டிலும் ஏமாற்றுவது மனிதன்தான். சொன்ன சொல்லைத் தவறாமல் வேலையைச் செய்தது அந்தப் பக்கம்.

எல்லாப் பிணைப்பும் ஒப்பந்தம் அல்ல என்று கட்டுரையாளர் சொல்லலாம். உண்மைதான். மெக்சிகோவின் தெற்கே சியாப்பாஸ் மலைப்பகுதியில் வாழும் சோட்ஸில் மொழி பேசும் மாயப் பழங்குடியினரிடம் பிறவியிலேயே வரும் பிணைப்பு ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்குத் துணை. சிறுத்தைபோன்ற ஜாகுவாராக இருக்கலாம், ஓநாய்போன்ற கொயோட்டாக இருக்கலாம். சினகந்தான் ஊரில் அந்த விலங்குகளெல்லாம் மலைக்குள் ஒரு பட்டியில் அடைபட்டிருப்பதாக நம்புகிறார்கள். அவற்றுக்குத் தீனி வைப்பவர்கள் மூதாதைத் தெய்வங்கள். மனிதன் தவறு செய்தால் அவர்கள் பட்டியைத் திறந்துவிடுவார்கள். காட்டில் அலையும் அந்த விலங்கை யாராவது சுட்டால் இங்கே இவனும் விழுவான். இங்கே யாரும் யாரோடும் பேரம் பேசவில்லை. இருந்தாலும் யார் தீனி வைக்கிறார், யார் கதவைத் திறக்கிறார் என்பதில்தான் அச்சம் முழுவதும் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சிறப்பிதழின் கதைகளுக்கு வருகிறேன். பெரும்பாலானவற்றில் தங்கக் கண் விலங்கு ஒன்று இரண்டாம் பக்கத்தில் நாயகனைத் ‘தேர்ந்தெடுக்கிறது’. ஏன் அவனை என்று கேட்டால் அவன் நாயகன், அவ்வளவுதான். அடுத்து மனத்துக்குள் பேச்சு, சண்டை, கடைசியில் அவனுக்காக அது உயிரைக் கொடுக்கிறது. அவன் அழுகிறான். நூறு பக்கம் அவன்கூடவே வந்த அந்த ஜீவனுக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டதாக ஒரு வரி கிடையாது. வீடியோ கேம்களிலாவது துணை விலங்கின் விசுவாசம் குறைந்தால் திரையில் ஒரு பட்டை சிவப்பாகும்! விதிவிலக்காக, கிணற்றுக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தன் நினைவுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் காவல்காரன் கதை இருந்தது. தாயின் முகம் மறந்துபோனதும் அவன் அவளிடமே போய் ‘என் அம்மா எப்படி இருப்பாள்’ என்று கேட்கிறானே, அந்த ஒரு இடத்துக்காக மற்ற கதைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழிலிருந்து தொடங்கும் தொடர்கதையில், கதாநாயகியோடு எலும்புப் பறவை ஒன்று பிணையப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். எழுதுபவரிடம் சொல்லிவையுங்கள்: மூன்றாவது அத்தியாயத்துக்குள் அந்தப் பறவைக்குப் பசிக்கவில்லை என்றால் உங்களுக்கு என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வரும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி