திப்புவின் பாதி ராஜ்யம்

ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் நிலத்தையும் பறித்து இழப்பீடும் கேட்ட வெர்சாய் ஒப்பந்தம் அதைப் படுத்திய பாட்டைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் தோற்றவனைப் பிழியும் ஒப்பந்தத்தைப் பார்க்க ஐரோப்பா வரை போக வேண்டுமா என்ன?

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் அதன் கூட்டாளிகளிடமும் போரில் தோற்று, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை எங்கள் பாலக்காட்டு மண்ணைத் தொட்ட கதை. பாதி ராஜ்யம் போயிற்று. அதுபோக 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். பாதி உடனே, மீதி தவணையில். தவணை தவறாமலிருக்க இரண்டு மகன்களைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிணையாகக் கொண்டுபோனார். சின்னப் பையன்கள்! 1794-ல்தான் தகப்பனிடம் திரும்பினார்கள்.

மலபாரோடு பாலக்காடும், திண்டுக்கல்லும், பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்) கம்பெனிக்குப் போயின. கோயம்புத்தூர் திப்புவிடமே இருந்தது. ஆக, 1799 வரை பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை! கேரள–தமிழ்நாடு எல்லையான வாளையாரை இன்று கடக்கும் லாரிக்காரர்களுக்கு இது தெரியுமோ தெரியாது.

கைமாறிய ஊர்களுக்காவது விடிவு வந்ததா என்றால் அதுவும் இல்லை. மறு வருடமே வடமலபாரில் பழசி ராஜா என்ற சிற்றரசர் வரி விஷயத்தில் கம்பெனியோடு மோதத் தொடங்கிவிட்டார். திப்புவோ பிரெஞ்சுக்காரர்களின் உதவி தேடி மொரீஷியசுக்குத் தூது விட்டார். இவ்வளவு பிழிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அந்தத் தூதையே சாக்காக்கி 1799-ல் கம்பெனிக்காரர்கள் படையெடுத்து அவரைக் கொன்றார்கள்.

எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக இதைப் பற்றியும் வரைபடத்தோடு ஒரு கட்டுரை போடுங்களேன்.

– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை