நாசில் வரைக்கும் டீசல் வருகிறதா பார், பாப்பா

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று போனில் பேசியது பாதிதான் விளங்கியது. உனக்கு வயலில் சிக்னல் இல்லை. எனக்கு இங்கே தங்குமிடத்தில் சுற்றிலும் ஆளாளுக்கு வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் இன்றைக்குத் தேக்கா கடைத்தெருப் பக்கம் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். படம் எடுத்து அனுப்புகிறேன். டிராக்டர் வண்டிப் பக்கத்தில் நின்று நிதானமாகப் படி.

முதலில் ஒன்று. இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பம்பைக் கழற்ற யாரையும் விடாதே. "பம்ப் போச்சு, டவுனுக்குக் கொண்டுபோகணும்" என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னாய். ஒரு பைப்பைக்கூடத் தளர்த்திப் பார்க்காமல் அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. நீ சொன்ன இன்னொரு விஷயம்தான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. வடக்கு வயல் உழும்போது வண்டி இருமி இருமி நின்றது, டேங்க் காலி, கேனில் 10 லிட்டர் வாங்கி ஊற்றினாய், அதிலிருந்து செல்ஃப் அடிக்கிறது, வண்டி மட்டும் எடுக்கவில்லை. பாப்பா, அது பெரும்பாலும் ஏர் பிடித்த வண்டி. டேங்க் காய்ந்ததும் டீசல் போகிற குழாயெல்லாம் காற்று ஏறிவிட்டது. மேலே எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் காற்று தானாக வெளியே போகாது.

நீ அனுப்பிய வாய்ஸில் செல்ஃப் சத்தத்தை நான்கு தடவை கேட்டேன். வேகமாக, ஒரே சீராகச் சுற்றுகிறது. பேட்டரிக்குக் குறையில்லை. ஆனால் விடாமல் அடித்துக்கொண்டே இருக்காதே. ஒரு தடவைக்கு 10 விநாடி, பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு. இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் புகைந்துவிடும், அது தனிச் செலவு.

டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது என்று உனக்குத் தெரியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே வேலைதான் உள்ளேயும் நடக்கிறது. பிஸ்டன் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் நாசில் டீசலைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக, வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று வேண்டும், டீசல் வேண்டும். சுற்றுவது சரி. மற்ற இரண்டில் எது இல்லை என்பதைப் புகைக்குழாய் சொல்லிவிடும். தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீ தள்ளி நின்று பார். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. உன் வண்டியில் புகை வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்பானரைத் தொடும் முன், வண்டியை நிறுத்த இழுப்போமே, அந்த ஸ்டாப் நாபைப் பார். உள்ளே முழுசாகப் போயிருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அதன் கம்பி பம்பில் போய் மாட்டியிருக்கும் லீவரும் திரும்பியிருக்கிறதா என்று பார். கம்பி துருப்பிடித்தால் நாப் உள்ளே போகும், லீவர் அங்கேயே நிற்கும். அப்புறம் டேங்க் மூடி. அதில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. லிம் சூ காங் பக்கம் ஒரு கீரைப் பண்ணையில் இதே மாதிரி ஒரு வண்டிக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை அனுப்பினார்கள். ஃபில்டரை மாற்றினேன், ஏர் எடுத்தேன், ஓடியது, அரை மணியில் நின்றது. மறுபடியும் அதே கதை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் தற்செயலாக டேங்க் மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. ஓட்டையில் மண் அடைத்திருந்தது. ஊசியால் குத்திவிட்டேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் எந்த வண்டியிலும் முதலில் தொடுவது மூடியைத்தான்.

சரி, இப்போது வேலை. துப்பட்டாவைக் கழற்றி வை, முடியைக் கொண்டை போடு. ஃபேன் பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பின்னால் கருவியைச் சுற்றும் பி.டி.ஓ.வை எடுத்துவிடு, ஹேண்ட் பிரேக் போடு. வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.

ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிஷம் வை. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், டீசல் மேலே மிதக்கும், நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். கேன் டீசல் என்றாலே எனக்குப் பயம். தண்ணீர் தெரிந்தால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடு.

அடுத்து ஃபில்டர் தலையில் இருக்கும், காற்றை வெளியே விடும் ஏர் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்து. பம்பின் பக்கவாட்டில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன ஃபீட் பம்ப் இருக்கிறது. அதன் கைப்பிடியைத் திருகித் தளர்த்தி மேலும் கீழும் அடி. முதலில் ஒன்றும் வராது, கை லேசாக ஓடும். அப்புறம் நுரை வரும், சோடாவைத் திறந்த மாதிரி புஸ்புஸ் என்று. அங்கே நிறுத்திவிடாதே, நிறையப் பேர் அங்கேதான் நிறுத்துவார்கள். அடித்துக்கொண்டே இரு. நுரை குறையும், குமிழி ஒவ்வொன்றாக வரும், கடைசியில் குமிழியே இல்லாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி டீசல் வழியும். கைப்பிடியும் கெட்டியாகிவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கு. அதே மாதிரி பம்பில் இருக்கும் ஏர் போல்ட்டிலும் செய். எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்கவில்லை என்றால் டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. ரப்பர் ஓஸ் வெடித்திருக்கும், இல்லை காப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் டீசல் ஒழுகாமலும் இருக்கலாம், ஏமாந்துவிடாதே.

கடைசியாக நாசில். மூன்று நாசிலுக்கும் போகும் இரும்பு பைப்பின் நட்டை நாசில் முனையில் ஒரு சுற்று மட்டும் தளர்த்து, கழற்றாதே. மேலே பழைய துணி போட்டு மூடு. கை ஆக்சிலேட்டரை முழுசாக வைத்துத் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொல். நீ எட்டி நில். நட்டைச் சுற்றிக் குப்குப் என்று டீசல் துப்பினால் செல்ஃபை நிறுத்தச் சொல்லி நட்டை இறுக்கு. நன்றாகத் துப்பியதை முதலில் இறுக்கு. சில சமயம் ஒரு நட்டு தளர்ந்திருக்கும்போதே வண்டி எடுத்துவிடும், பயந்து கையை நீட்டாதே, நாபை இழுத்து நிறுத்திவிட்டு இறுக்கு.

இதை இரண்டு தடவை படி, பாப்பா. நாசிலில் டீசல் பாய்வது 200 பார் அழுத்தத்தில். கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. பைப்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகிவிடும். அப்படி ஏதும் பட்டால் வண்டியைப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போய்விட்டது என்று சொல்.

ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யாராவது வருவார்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். பிஸ்டன் ரிங் உடையும், முகத்தில் தீயும் அடிக்கும்.

பம்ப் வரைக்கும் டீசல் சுத்தமாக வந்து, ஸ்டாப் லீவரும் சரியாக இருந்து, மூன்று நட்டிலும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அந்த மெக்கானிக் சொன்னது சரி. அப்போது பம்பைக் கழற்றட்டும், நான் பணம் அனுப்புகிறேன். மூன்றிலும் நன்றாக வந்தும் எடுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றைச் சரியாக நசுக்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு முன் என்னைக் கூப்பிடு.

இங்கே கிரேன், ஜெனரேட்டர், மண் வெட்டுகிற மிஷின் என்று எத்தனையோ இன்ஜினை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நம் வீட்டு வண்டி நிற்கும்போது பக்கத்தில் இல்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மழைக்கு முன்னால் நாற்று நட்டாக வேண்டும் என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

வண்டி எடுத்ததும் உடனே உழவுக்கு ஓட்டாதே. பத்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, நீ தளர்த்திய இடத்தையெல்லாம் காய்ந்த துணியால் துடைத்துப் பார். நனைந்தால் மறுபடி இறுக்கு. அந்த பாட்டிலைக் கொட்டிவிடாமல் வை, படம் எடுத்து அனுப்பு. நாளைக்கு எனக்கு வேலை ஏழு மணிக்கு முடியும், அங்கே நாலரை. நாலரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, போன் கையிலேயே இருக்கும்.

உன் அப்பா