நாலாம் வாரத்துக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியாயிற்று. மனம் ஆறிப்போகுமுன் இதை எழுதிவிடுகிறோம்.

இரத்தம் கொடுத்தவர்கள், இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்விழித்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனவர்கள், பெயர் சொல்லி ஜெபித்தவர்கள், திருவிருந்தைப் படுக்கையண்டை கொண்டுவந்த போதகர் ஐயா, எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு ஒரு நோட்டுக்கு. யார் எப்போது எங்களுக்கு உதவ வருவது என்று எழுதிவைக்க ஆலய வாசல் மேஜையில் இருந்ததே, கோடு போட்ட அந்தச் சாதாரண நோட்டு. அதை வைத்த அக்கா பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

வாரத்துக்கு ஒரு பக்கம். நாள், நேரம், வேலை, யார் என்று நாலு கட்டம். இரவுத் துணைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருவர். சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினமும் வந்தால் பாதி வீணாகும், பாத்திரம் திருப்பித் தருவதே தனி வேலையாகும். டாக்டர் சொன்னதை மாலையில் அக்காவிடம் மட்டும் சொன்னால் போதும், வீட்டார் சொல்லச் சொன்ன அளவு மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். நாற்பது போன் அழைப்புக்குப் பதில் சொல்லும் பாரம் அதோடு தீர்ந்தது.

"எது வேணும்னாலும் கேளுங்க" என்பது அன்பான சொல்தான். ஆனால் துன்பத்தில் இருப்பவருக்குக் கேட்க நா எழாது. காலியான கட்டத்தைப் பார்த்து, "வியாழன் காலை 10 மணிக்கு உங்களால் முடியுமா?" என்று ஒருவரிடமே கேட்டார்கள் அக்கா. எல்லாரையும் பொதுவாகக் கேட்டால் இன்னொருவர் செய்வார் என்று எல்லாருமே இருந்துவிடுவோம்.

அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. முதல் வாரம் கூட்டம் தானாக வரும், மூன்றாம் வாரம் வாசல் வெறிச்சோடும். இதை அறிந்து அக்கா நாலாம் வாரப் பக்கத்தைத்தான் முதலில் நிரப்பினார்கள். உடனே ஓடிவந்தவர்களிடம், "உங்கள் முறை அப்போது" என்றார்கள்.

ஆதி எருசலேம் சபையிலும் அன்றாட உணவு விசாரிப்பில் கிரேக்கு பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்பு குறைந்து மட்டுமல்ல, கணக்கு வைக்க ஆளில்லாமலும் ஒருவர் விடுபடலாம். பாட்டோ பிரசங்கமோ ஒருவரை ஆலயத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் இரண்டு ஞாயிறு காணவில்லையென்றால் "ஏன் வரலை?" என்று விசாரிக்க ஓர் ஆள் இருக்கிற இடத்தில்தான் மனிதர் வேர்பிடிக்கிறார்கள். பெரிய சபைகளில் இது தானாக நடக்காது. பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒருவராவது விசாரிக்கும் பொறுப்பில் இருக்க வேண்டும்.

அக்கா, நோட்டில் இன்னும் பக்கம் மீதி இருக்கிறது. அடுத்த வீட்டுக்காக அதைத் திறக்கும்போது நாலாம் வாரத்தில் எங்கள் பெயரை எழுதிவிடுங்கள். இரவுத் துணை, எந்தக் கிழமையானாலும் சரி.